உடலில் தேங்கும் கழிவும் முதுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து மருத்துவ ஆய்வுகூடங்களில் குருதியையும் சிறுநீரையும் சோதித்தபடியே என் உத்தியோக காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு மாலைகளில், பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அதில் உள்ளதை விளங்கப்படுத்துவது வழக்கமாயிற்று. எந்தத் துண்டோடு வந்தாலும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "உடம்பில் கழிவு சேர்ந்துவிட்டதாம், அதை வெளியேற்ற என்ன குடிக்கலாம்?" அங்கு கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் அல்லேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் வைத்தியரோடு பேச வேண்டிய விடயங்கள்.

உடலில் கழிவு தேங்குகிறது என்பது உண்மையா, வியாபாரப் பேச்சா?

உண்மைதான். ஆனால் விளம்பரங்கள் சொல்லும் கழிவு வேறு, உடலில் உள்ளபடி சேரும் கழிவு வேறு. உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கலமும் வேலை செய்யும்போது கழிவை உண்டாக்குகிறது. அதில் பெரும்பகுதி குருதியில் கரைந்து அன்றன்றே வெளியேறிவிடும்: யூரியா, கிரியேற்றினின், யூரிக் அமிலம், பிலிரூபின், மூச்சோடு போகும் காபனீரொட்சைட்டு ஆகியன இவ்வகை. இன்னொரு பகுதி வெளியேற வழியில்லாமல் கலங்களுக்குள்ளும், உடல் எளிதில் புதுப்பிக்காத புரதங்களிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் படிகிறது. முதுமையோடு தொடர்புள்ளதாக ஆய்வாளர் கருதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையை. குடலில் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் "பல வருடத்து அழுக்கு" இந்த இரண்டிலும் சேராது. குடலின் உட்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால் அங்கே எதுவும் அப்படி ஒட்டிக்கிடக்க முடியாது.

அன்றாடக் கழிவை யார் அகற்றுகிறார்கள்?

முதன்மையாக ஈரலும் சிறுநீரகங்களும். புரதம் சிதையும்போது வரும் அமோனியா மூளைக்கு நஞ்சு. ஈரல் அதை யூரியாவாக மாற்றிக் குருதியில் விடுகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடிதிரவத்தைப் பிரித்தெடுத்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீள உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக விடுகின்றன. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு குடலுக்குள் அனுப்ப, அங்குள்ள பற்றீரியாக்கள் மாற்றியமைத்த அதன் எச்சந்தான் மலத்துக்குக் கபில நிறத்தையும் சிறுநீருக்கு மஞ்சள் நிறத்தையும் கொடுக்கிறது.

இந்த வேலை தடைப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். உறைந்த குருதியுள்ள குழாயை மையநீக்கியில் சுழற்றி எடுத்தால், அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரமும் பிரிந்து நிற்கும். செங்கமாரி கண்டவரின் குழாயில் அந்தச் சீரம் அரைத்த மஞ்சளைக் கரைத்தது போலிருக்கும். எண் வருவதற்கு முன்னரே விடை தெரிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவரின் சீரமோ பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். சிறுநீரக நோயும் பலருக்கு மிகப் பிந்தித்தான் தெரியவருகிறது.

வயது போகப் போக இந்த உறுப்புகளின் வேலை குறையுமா?

ஈரல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகமோ (நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று அளப்பது), நாற்பது வயதுக்குப் பின்னர் பெரும்பாலானோரில் ஆண்டுக்கு ஒரு மில்லிலீற்றர் அளவில் குறைந்து வருகிறது. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் சேர்ந்தால் அந்தச் சரிவு வேகமாகும்.

இங்கே ஒரு பிழை மலிந்து கிடக்கிறது. "கிரியேற்றினின் 1.1, நோமல்" என்று இருவர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருபத்தைந்து வயது மேசன், மற்றவர் எழுபத்தெட்டு வயது அம்மம்மா. இப்போது பரவலாகப் பயன்படும், 2021இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் மேசனின் வடிகட்டும் வேகம் 95 அளவிலும் அம்மம்மாவினுடையது 51 அளவிலும் வரும். கிரியேற்றினின் தசையிலிருந்து உண்டாவது. தசை வற்றிய உடலில் அது குறைவாகவே உண்டாகும், ஆகையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அமைதியாகத் தோன்றும். துண்டில் கிரியேற்றினினை மட்டும் பார்க்காமல், அதற்குக் கீழே மதிப்பிட்ட வடிகட்டும் வேகம் (eGFR) எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை அதைவிட முன்கூட்டியே எச்சரிக்கும். நீரிழிவுள்ள எத்தனையோ பேர் சீனியை மாதாமாதம் பார்த்துவிட்டு இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் விடுவது எனக்கு இன்றும் மனவருத்தம்.

கலங்களுக்குள் தேங்கும் கழிவு என்றால் என்ன?

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு துப்புரவுப் பகுதி இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் டி டூவ் 1955இல் விவரித்த இலைசோசோம் என்ற நுண்பை, நொதியங்களைக் கொண்டு பழுதான பொருட்களைக் கரைத்து, மீளப் பயன்படக்கூடிய துண்டுகளைக் கலத்துக்கே திருப்பிக் கொடுக்கிறது. பழைய இழைமணிகளையும் கட்டிபட்ட புரதங்களையும் ஒரு மென்சவ்வால் சுற்றி அந்தப் பைக்குக் கொண்டு சேர்க்கும் செயலுக்குத் தன்விழுங்கல் என்று பெயர். அதை நடத்தும் பிறப்புரிமை அலகுகளை மதுவத்தில் கண்டறிந்தமைக்காக ஜப்பானின் யொஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். தனித்தனிப் புரதங்களுக்கு வேறொரு வழி உண்டு: அழிக்க வேண்டிய புரதத்தின் மீது யுபிக்குவிற்றின் என்ற சிறு அடையாளம் ஒட்டப்படும், அடையாளம் கண்ட புரதம் நறுக்கப்படும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியலுக்கான பரிசு கிடைத்தது.

இவ்வளவு இருந்தும் சில பொருட்கள் கரைவதில்லை. ஒட்சியேற்றம் அடைந்த கொழுப்பும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து, இலைபோபியூசின் என்ற மஞ்சட்கபிலத் துணிக்கைகளாக இலைசோசோமுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பிரிந்து பெருகும் கலங்களில் ஒவ்வொரு பிரிவிலும் இது பங்கிடப்பட்டு ஐதாகிவிடும். நரம்புக் கலமும் இதயத் தசைக் கலமும் அநேகமாகப் பிரியாதவை. ஆகவே அங்கே வாழ்நாள் முழுவதும் சேர்ந்து கொண்டே போகும். கண்ணின் விழித்திரைக்குப் பின்னுள்ள படையிலும் இது சேர்கிறது. வயதின் அளவுகோலாக இதை எண்ணிப் பார்க்கலாம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. முதுமைக்கு இதுவே காரணமா, அல்லது தளர்ந்துபோன துப்புரவின் அடையாளம் மட்டுந்தானா என்பதில்தான் விவாதம் தொடர்கிறது. "இலைபோபியூசினைக் கரைக்கும்" என்று விற்கப்படும் எந்தப் போத்தலும் மனிதரில் அதைச் செய்து காட்டியதில்லை.

கையிலும் முகத்திலும் வரும் கரும்புள்ளிகள் அந்தக் கழிவுதானா?

இல்லை. அவை பெரும்பாலும் வெயிலால் தூண்டப்பட்ட மெலனின் நிறப்பொருள். ஈரலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திடீரென்று வளர்வதோ, உருமாறுவதோ, இரத்தம் கசிவதோ இருந்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சீனி கூடினால் உடலில் என்ன படிகிறது?

பாண் வேகும்போது அதன் மேற்தோல் ஏன் சிவக்கிறது? மாவிலுள்ள வெல்லமும் புரதமும் சூட்டில் பிணைகின்றன. லூயி கமிய் மயாட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த இந்தத் தாக்கம் நம் உடலிலும் 37 பாகை வெப்பத்தில் மிக மெதுவாக நடக்கிறது. குருதியில் குளுக்கோசு கூடிய அளவுக்கு அது வேகமாகும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்பிஏ1சி என்ற சோதனை, செங்குழியத்தின் ஈமோகுளோபினில் எத்தனை சதவீதம் இப்படி வெல்லம் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. செங்குழியம் நான்கு மாதத்தில் மாறிவிடுவதால் அந்தக் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் கண்வில்லையின் நடுப்பகுதிப் புரதங்கள் பிறப்பதற்கு முன்னர் உண்டானவை. வாழ்நாளில் ஒருமுறையும் மாற்றப்படாதவை. தோல், குருதிக்குழாய்ச் சுவர், மூட்டுக் குருத்தெலும்பு ஆகியவற்றின் கொலாஜனும் மிக நீண்ட காலம் நிலைப்பது. அங்கே ஏறிய வெல்லம் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்து விறைப்பாக்குகிறது. நீரிழிவுள்ளவர்களுக்குக் கண்புரை முந்தி வருவதற்கும் குருதிக்குழாய் விறைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். சேர்ந்த பிணைப்பை அறுக்க மருந்து இல்லை, மேலும் சேராமல் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது. பனங்கட்டி என்றால் பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். குருதிக்குள் போன பிறகு குளுக்கோசு எங்கிருந்து வந்தது என்பது புரதத்துக்குத் தெரியாது.

நித்திரை குறைந்தால் மூளையில் கழிவு சேரும் என்கிறார்களே?

மூளையத் திரவம் குருதிக்குழாய்களை ஒட்டிய இடைவெளிகளால் ஓடி மூளை இழையத்தைக் கழுவுகிறது என்று 2012இல் எலிகளில் காட்டப்பட்டது. நித்திரையில் அந்த ஓட்டம் கூடி, மறதி நோயோடு தொடர்புள்ள அமிலோயிட் பீற்றா விரைவாக அகற்றப்படுகிறது என்று அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர் கூட்டம் அறிவித்தது. 2024இல் வெளியான வேறோர் எலி ஆய்வு, நித்திரையில் இந்த அகற்றல் குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. ஆகவே "படுத்தால் மூளை கழுவப்படும்" என்ற வாக்கியத்தை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். நித்திரையின் தேவை இந்த ஒரு விளக்கத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. குருதி அமுக்கமும் சீனியும் நித்திரைக் குறைவால் கெடுவது நன்கு அறியப்பட்டது.

மலச்சிக்கல் இருந்தால் நஞ்சு குருதியில் கலக்குமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் குடிப்பது நல்லதா?

எங்கள் வீடுகளில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் ஆமணக்கெண்ணெய் வரும் என்பது என் தலைமுறைக்குத் தெரியும். அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. குடற்புழு மலிந்திருந்த காலத்து வழக்கம் அது. மேலைநாட்டிலும் இதே நம்பிக்கை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெருங்குடலில் அழுகும் பொருள் உடலை நஞ்சாக்கி முதுமையைக் கொண்டுவருகிறது என்று நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ் எழுதினார். லண்டனில் ஆர்பத்னட் லேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதற்காகப் பெருங்குடலையே வெட்டி அகற்றினார். 1919இல் அமெரிக்க வைத்தியர் வால்டர் அல்வரெஸ் கேட்ட கேள்வி எளிமையானது: நஞ்சுதான் தலையிடிக்கும் மந்தத்துக்கும் காரணம் என்றால், மலம் கழிந்த சில நிமிடங்களில் அவை எப்படி நீங்குகின்றன? குருதியில் கலந்த நஞ்சு அவ்வளவு விரைவில் போகாதே. குடல் விரிவதால் நரம்பு வழியே வரும் உணர்வு அது. பின்னர் மலக்குடலை வெறும் பஞ்சால் அடைத்துப் பார்த்தபோதும் அதே அறிகுறிகள் தோன்றி, பஞ்சை எடுத்ததும் மறைந்தன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஈரல் சுருங்கிப் பழுதானவர்களுக்கு மலச்சிக்கல் உண்மையாகவே ஆபத்து. குடலில் உண்டாகும் அமோனியாவை அவர்களின் ஈரலால் அகற்ற முடியாததால் மயக்கமும் தடுமாற்றமும் வரும். லக்ற்றுலோசு என்ற மலமிளக்கிப் பாணி கொடுப்பது அதற்காகத்தான். சிறுநீரகம் பழுதானவர்களிலும் குடற் பற்றீரியா உண்டாக்கும் சில பொருட்கள் குருதியில் தேங்குகின்றன. இவர்கள் வைத்தியர் சொன்னபடி மலம் இளக வைத்துக்கொள்ள வேண்டும், தாமாகப் பேதி எடுக்கக் கூடாது. ஏனையோருக்கு ஒடியற் கூழ், கீரை, தவிட்டோடு கூடிய அரிசி ஆகியன போதும். கடும் பேதி கழிவைக் கொண்டுபோவதில்லை; நீரையும் பொற்றாசியத்தையும் கொண்டுபோகிறது. ஐந்தாறு முறை போய் வந்து தலைசுற்றி விழுந்த பின்னர் "உடம்பு இலேசாக இருக்கிறது" என்று சொன்னவர்களின் குருதியை நான் சோதித்திருக்கிறேன்.

கந்தசஷ்டி விரதம் இருந்தால் கலங்கள் துப்புரவாகுமா?

பட்டினி கிடக்கும்போது தன்விழுங்கல் கூடுகிறது என்பது மதுவத்திலும் எலியிலும் உறுதியாகக் காட்டப்பட்டது. உணவு குறையும்போது கலம் தன் பழைய பொருளை எரித்துச் சமாளிப்பது இயல்பே. மனிதரின் உறுப்புகளில் இதை நேரடியாக அளப்பது கடினம்; இத்தனை மணித்தியாலத்தில் துப்புரவு தொடங்கும் என்று கைத்தொலைபேசியில் சுற்றும் அட்டவணைகளுக்கு உறுதியான அடிப்படை இல்லை. விரதம் முருகனுக்காக இருக்கட்டும். அதற்கு ஆய்வுகூடச் சான்று தேவையில்லை.

ஆனால் ஐப்பசியில் ஆறு நாட்களும் பாலும் பழமுமாகவோ வெறும் நீரோடோ இருப்பவர்களில் இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மருந்தளவை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். வழமையான அளவை எடுத்துவிட்டு உண்ணாமல் கோயில் வீதியில் நின்றால் சீனி இறங்கி மயங்க நேரிடும். சிறுநீரக நோயுள்ளவர்கள் நீரும் அருந்தாமல் இருக்கவே கூடாது.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது போல் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உடலிலும் படியுமா?

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத இந்த மண்ணில் கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது. அதில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, கொதிக்கும்போது காபனீரொட்சைட்டை இழந்து காபனேற்றாகப் படிகிறது. உடல் கொதிப்பதில்லை. குருதியின் கல்சியத்தை ஓமோன்கள் ஒடுங்கிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. சிறுநீரகக் கல் உண்டாவதற்குப் பெரிதும் காரணமாவது சிறுநீர் செறிவதுதான். வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் உச்சி வெயிலில் நின்று நீர் குடிக்காதவர்களுக்கு அது வருகிறது. உப்புக் கூடிய கருவாடும் ஊறுகாயும் சிறுநீரில் கல்சியத்தைக் கூட்டி அதற்குத் துணை செய்கின்றன. கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் அளவு சிறுநீர் போகும்படி குடிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். இதய நோயால் நீர்க்கட்டுப்பாடு சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

கிணற்றில் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்று. தோட்டத்துக்கு இடும் யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது கல்லுக்குள் இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் அது போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் செறியும். தோட்டக் கிணற்று நீரில் பச்சிளம் பிள்ளைக்குப் பால்மா கரைப்பவர்கள் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காலை வைத்தால் நஞ்சை உறிஞ்சும் என்று ஒரு இயந்திரம் காட்டுகிறார்களே?

நானும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். பேசினில் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் உப்பு, நடுவில் மின் இணைத்த உலோகச் சுருள். காலை வைத்த பெண்மணியின் பேசின் இருபது நிமிடத்தில் செங்கபிலமாகி மேலே நுரை கட்டியது. "பாருங்கோ அக்கா, இது ஈரல் கழிவு, இது மூட்டுக் கழிவு" என்று விற்பனையாளர் நிறத்தைப் பிரித்துக் காட்டினார். அடுத்த பேசினை யாரும் கால் வைக்காமல் ஓடவிடுங்கள் தம்பி என்று கேட்டேன். அவருக்கு விருப்பமில்லை, சுற்றி நின்றவர்கள் விடவில்லை. கால் இல்லாமலும் நீர் அதே நிறமாயிற்று. உப்பு நீரில் மின்னோட்டம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகும் மின்பகுப்பு அது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் படிப்பதுதான். இரவில் பாதத்தில் ஒட்டும் பட்டைகளும் ஈரம் பட்டால் கறுப்பவை. நீராவியில் பிடித்துப் பாருங்கள்.

எண்ணெய் முழுக்கும் வியர்வையும் கழிவை அகற்றுமா?

வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்பும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவது சுகமானது, அதற்காகவே முழுகலாம்.

இயற்கை மருந்து சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யாதா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கிறது. அங்கு பயின்ற வைத்தியரிடம் போவது ஒன்று, பெயரில்லாத தூளை வாங்கிக் குடிப்பது இன்னொன்று. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்காக மூலிகைக் கலவை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அதில் இருந்தது அரிஸ்தொலோக்கியா என்ற தாவர இனத்தின் அரிஸ்தொலோக்கிக் அமிலம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத் தாவரங்கள். நட்சத்திரப் பழத்தையும் புளிச்ச பிலிம்பிக்காயையும் சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் இலங்கையிலேயே உண்டு; அவற்றிலுள்ள ஒட்சலேற்று நுண்குழாய்களை அடைக்கிறது. சிறுநீரக நோயுள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

ஆங்கில மருந்தும் அப்பாவி அல்ல. மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் குளிசையை வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களின் கிரியேற்றினின் ஏறுவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

முதுமைக் கலங்களை அகற்றும் குளிசை வந்துவிட்டதா?

கலங்கள் முடிவின்றிப் பிரிவதில்லை என்று லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இல் காட்டினார். பிரிவதை நிறுத்தியும் சாகாமல் தங்கி, சுற்றுப்புறத்தில் அழற்சியைத் தூண்டும் கலங்களை அகற்றியபோது எலிகளின் உடல்நிலை சீரானது. மனிதரில் பரிசோதனைகள் நடக்கின்றன. அவற்றில் பயன்படும் மருந்துகளில் ஒன்றான டசற்றினிப் ஒரு புற்றுநோய் மருந்து. இணையத்தில் பார்த்து வாங்கிப் போடும் பொருளல்ல.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

கிரியேற்றினினுக்கும் எச்பிஏ1சிக்கும் தேவையில்லை. ஆனால் முதல் நாள் இரவு ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டிருந்தால் கிரியேற்றினின் சற்றுக் கூடிக் காட்டும். இறைச்சி வேகும்போது தசையிலுள்ள கிரியேற்றின் கிரியேற்றினினாக மாறுவதுதான் காரணம். கலியாண வீட்டுக்கு அடுத்த நாள் வராமல் இரண்டு நாள் கழித்து வாருங்கள், காலையில் வழமைபோல் தண்ணீர் குடித்துவிட்டு, எடுக்கும் குளிசைகளின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு.